பட்டனை நம்பாதே, தம்பி!

ஒரு மார்க் குறைந்தால் மறுகூட்டல் கேட்கும் ஊர் நாமக்கல். அங்கே படித்த பிள்ளைகள் அமெரிக்கா போய், டாலரைக் கோட்டை விடலாமா?

1989-ல் கையெழுத்தான இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-வது பிரிவு, மற்ற நாட்டு மாணவர்களுக்குப் பொதுவாக இல்லாத ‘ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனை’ நம் மாணவர்களுக்குத் தருகிறது. 2024-ம் ஆண்டுக்கு அது 14,600 டாலர். அந்த அளவு சம்பளத்துக்கு மத்திய வருமான வரி கிடையாது!

ஆனால், பிரபல சாஃப்ட்வேர்கள் சில நீட்டுவது அமெரிக்கவாசிகளுக்கான 1040 படிவத்தை. முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகள், மாணவர் விசாக்காரர்களில் பெரும்பாலோருக்கு உரியது 1040-என்.ஆர். தப்பான படிவத்தில் ரீஃபண்ட் கொழுத்தால் குஷியாகாதீங்க. பின்னாடியே வட்டியும் அபராதமும் வரலாம். ‘சாஃப்ட்வேர்தான் சொல்லுச்சு’ன்னா எவன் கேட்பான்? கையெழுத்து உன்னுது!

சேலத்தில் நிலத்தை விற்று அனுப்பிய அப்பாவின் காசு அது. பட்டனைத் தட்டும் முன் 21-வது பிரிவைப் படி.