திருநள்ளாறு மறந்துவிட்ட சுப்பையா

சீனத் தளபதி சென் யி 1919-இல் வேலை பார்த்துக்கொண்டே படிக்க பிரான்ஸுக்குப் போனவர். லியோன் நகரில் மாணவர் போராட்டத்தில் இறங்கியதால் 1921-இல் நாடு கடத்தப்பட்டார். கெரில்லாப் போரில் வளர்ந்த அவர் 1949-இல் ஷாங்காய் மேயராகவும், 1958-இல் வெளியுறவு அமைச்சராகவும் ஆனார். இத்தகைய வாழ்க்கையைப் படித்து வியக்கும் நாம், அதே பிரான்ஸின் ஆட்சியை எதிர்த்து நின்ற நம்மவர் வ. சுப்பையாவைப் பற்றிப் பேசுவதே இல்லை.

1911-இல் புதுச்சேரியில் பிறந்த சுப்பையா, 1934-இல் ‘சுதந்திரம்’ இதழைத் தொடங்கினார். பஞ்சாலைத் தொழிலாளர்களைத் திரட்டினார். 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுப் போலீஸ் சுட்டதில் 12 பேர் மாண்டார்கள். அந்த ரத்தத்துக்கு அடுத்த ஆண்டே ஒரு பதில் கிடைத்தது. 1937 ஏப்ரல் 6 ஆணை, பிரெஞ்சிந்தியாவில் 8 மணி நேர வேலையைச் சட்டமாக்கியது. பாரிஸில் அப்போது லியோன் புளூம் தலைமையிலான மக்கள் முன்னணி ஆட்சி நடந்ததும் இதற்குத் துணை நின்றது. காரைக்கால் எல்லைக்கு அப்பால் நாகப்பட்டினம் இருந்த பிரிட்டிஷ் இந்தியாவிலோ, ஆலைத் தொழிலாளியை நாளுக்கு 10 மணி நேரம் வரை வேலை வாங்கச் சட்டம் இடம் கொடுத்தது.

1954 ஏப்ரலில் திருபுவனையில் பிரெஞ்சு ஆட்சிக்கு எதிராக ஆயுதம் தாங்கிய தொண்டர்களுக்குத் தலைமை தாங்கியவரும் இவர்தான். ஆனால் அவரது பெருமையை நான் அங்கே தேடமாட்டேன். விடுதலைக்குப் பின் அவர் தேர்தல் பாதையில் நின்றார், சட்டமன்றத்தில் வாதாடினார், 1969-இல் அமைந்த திமுக–கம்யூனிஸ்ட் கூட்டணி அரசில் அமைச்சரானார். குத்தகைச் சாகுபடியாளர் பாதுகாப்புச் சட்டம் அந்த ஆட்சிக் காலத்தில் வந்ததுதான். ஆலைகளை அல்ல, நெல்லை நம்பிய காரைக்காலின் திருநள்ளாறு கொம்யூனுக்கு 1937 ஆணையைவிட இந்தச் சட்டம் நெருக்கமானது. நிலத்தை விட்டு எப்போது வெளியேற்றப்படுவோமோ என்று அஞ்சிய குத்தகைதாரருக்கு அதன் அருமை தெரியும்.

8 மணி நேரம் என்பது முடிந்துபோன பழங்கதையும் இல்லை. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதாவை நிறைவேற்ற, எதிர்ப்பு வலுத்ததும் அரசு அதைத் திரும்பப் பெற்றதே! பெற்ற உரிமையின் வரலாறு தெரியாத தலைமுறை, அது கைநழுவும்போது எதை இழக்கிறோம் என்றுகூட அறியாது.

சனிப்பெயர்ச்சிக்கு லட்சக்கணக்கானோர் வந்து போகும் ஊர் திருநள்ளாறு. அந்தக் கூட்டத்துக்குச் சாலை போடுகிறவரும் சமைக்கிறவரும் குப்பை அள்ளுகிறவரும் எத்தனை மணி நேரம் உழைக்கிறார்கள் என்ற கேள்வியையாவது நாம் கேட்க வேண்டும். நவம்பர் 1 விடுதலை நாளில் காரைக்கால் பள்ளிகளில் கொடியேற்றி மிட்டாய் கொடுப்பதோடு நிறுத்தாமல், 1936 ஜூலை 30-இல் என்ன நடந்தது என்பதையும் ஆசிரியர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.