உறையில் இல்லாத பெயர்கள்

'மை கேர்ள்' பாட்டைப் பாடியது யார் என்று கேட்டால், பழைய ஆங்கிலப் பாட்டு கொஞ்சம் கேட்பவர்கள்கூட 'தி டெம்ப்டேஷன்ஸ்' என்று சொல்லிவிடுவார்கள். சரி, ஆரம்பத்தில் படியேறுகிற மாதிரி ஒரு கிடார் வருமே, அதை வாசித்தது யார்? அதற்கும் முன்னால் இதயத்துடிப்பு போல வருகிற பேஸ்? இங்கேதான் எல்லோரும் முழிப்பார்கள். கிடார் ராபர்ட் வைட், பேஸ் ஜேம்ஸ் ஜேமர்சன். 1964-ல் வந்த அந்த இசைத்தட்டில் இவர்கள் பெயர் கிடையாது.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், 1959-ல் பெரி கோர்டி தன் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கி ஆரம்பித்த கம்பெனிதான் மோடவுன். ஒரு சாதாரண வீட்டையே ஸ்டூடியோவாக மாற்றினார்கள். சுப்ரீம்ஸ், ஃபோர் டாப்ஸ், மார்வின் கே, ஸ்டீவி வொண்டர் என்று பாடகர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். பின்னால் வாசித்தவர்கள் மட்டும் பெரும்பாலும் அதே ஆட்கள், 'ஃபங்க் பிரதர்ஸ்'. மோடவுன் ஆல்பத்தில் அவர்களுக்கு முதன்முதலாகப் பெயர் போட்டது 1971-ல், மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' உறையில். பன்னிரண்டு வருஷம் கழித்து!

"கூலி வாங்கிக்கொண்டுதானே வாசித்தார்கள், அப்புறம் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. முதல் போட்டவர் கோர்டி. பாட்டு ஓடாவிட்டால் நஷ்டம் அவருக்கு. வாத்தியக்காரருக்கோ ஓடினாலும் ஓடாவிட்டாலும் காசு வந்துவிடும். இது நியாயமான வாதம்தான், மறுக்க முடியாது. ராயல்டி தரவில்லை என்பதை ஒரு வியாபார ஒப்பந்தம் என்றே வைத்துக்கொள்வோம்.

ஆனால் பெயர்? அதைப் போட என்ன செலவு? உறையில் இரண்டு வரி, கொஞ்சம் மை... அவ்வளவுதான். ஆக, காசு மிச்சம் பிடிக்க விட்ட பெயர் இல்லை இது. 1967-ல் ஜாக்கி வில்சனின் 'ஹையர் அண்ட் ஹையர்' என்ற பெரிய ஹிட்டுக்கு இதே ஆட்கள் சிலர் சிகாகோவுக்குப் போய் வாசித்தார்கள். அது போட்டிக் கம்பெனியின் பாட்டு. பெயர் வெளியே தெரிந்தால் இப்படி நாலு பேர் கூப்பிடுவார்கள், கூலி ஏறும். தெரியாதவரை கம்பெனிக்கு லாபம்.

கணக்குப் பதிவியலில் 'குட்வில்' என்று ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சொத்து. கடையை விற்றால் அதற்கும் விலை போடுவார்கள். வாத்தியக்காரருக்கு இருக்கிற ஒரே குட்வில் அவர் பெயர்தான். அதை மறைப்பது மரியாதைக் குறைவு மட்டுமில்லை, சொத்தை முடக்குவது.

1972-ல் மோடவுன் லாஸ் ஏஞ்சலிஸுக்கு இடம் மாறியது. டெட்ராய்டில் வாசித்துக்கொண்டிருந்தவர்களுக்கு வேலை போனது. ஜேமர்சன் 1983-ல், 47 வயதில் இறந்துபோனார். 1988-ல் மோடவுன் 6.1 கோடி டாலருக்கு விலைபோனது. 1997-ல் பாடல் உரிமையில் பாதி மட்டுமே 13.2 கோடி டாலர். வாசித்தவர்கள் என்ற முறையில் அவர்களுக்கு இதில் பங்கில்லை.

2002-ல் இவர்களைப் பற்றி ஒரு ஆவணப்படம் வந்தது. 2004-ல் கிராமி வாழ்நாள் சாதனையாளர் விருதும் கிடைத்தது. வாங்குவதற்கு ஜேமர்சனும் இல்லை, ராபர்ட் வைட்டும் இல்லை.

"பழைய கதைதானே" என்று விட்டுவிட முடியாது. இன்று அமெரிக்காவில் இன்டர்நெட் ரேடியோ, சாட்டிலைட் ரேடியோ தரும் ராயல்டியில் 5 சதவீதம், பின்னணியில் வாசித்தவர்களுக்கும் கோரஸ் பாடியவர்களுக்கும் என்று சட்டப்படி ஒதுக்கப்படுகிறது. நல்ல சட்டம்தான். ஆனால் யார் வாசித்தார் என்று எங்கும் எழுதி வைக்காத பாட்டுக்கு அந்தக் காசை யார் கையில் கொடுப்பது?

அதனால், ராயல்டி சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். முதலில் பெயரைப் போடுங்கள் சாமி!