கண்ணைச் சிமிட்டு என்கிறது பேங்க்

வட்டத்துக்குள் முகத்தைக் கொண்டுவரச் சொன்னது பேங்க் செயலி. கொண்டுவந்தேன் என்றுதான் நினைக்கிறேன். எந்த வட்டம், எங்கே இருக்கிற வட்டம் என்று அது சொல்லவில்லை. அடுத்து, நேராகப் பார்க்கச் சொன்னது. அதற்கடுத்து, கண்ணைச் சிமிட்டச் சொன்னது. பிறவியிலேயே பார்வை இல்லாதவள் நான். எனக்கு இமை இருக்கிறது, சிமிட்டவும் தெரியும். போன் என் முகத்தைப் பார்க்கிறதா, பின்னால் இருக்கிற சுவரைப் பார்க்கிறதா என்றுதான் தெரியாது. தூக்கிப் பிடித்தேன், தாழ்த்திப் பிடித்தேன், கையை நீட்டிப் பிடித்தேன். நேரம் முடிந்தது என்று சொல்லிவிட்டுத் திரை மூடிக்கொண்டது. எதிரே இருப்பது உயிருள்ள ஆள்தானா என்று பார்க்கிற சோதனையாம் அது. நான் தேறவில்லை.

என் பணத்தை என் பெயரில் போட்டு வைக்க நான் உயிரோடு இருந்தால் போதாதா? கண்ணும் தெரிய வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது?

எழுதியிருப்பது நேர்மாறாக. அந்தக் கொடுமையைப் பிறகு சொல்கிறேன்.

எனக்கு ஊர் வாலிநோக்கம். கடலாடி வட்டம், மன்னார் வளைகுடாக் கரை. மாரியூர் வாலிநோக்கம் உப்பளம் என்றால் சிலருக்குத் தெரிந்திருக்கும். 1974-இல் தொடங்கிய தமிழ்நாடு உப்பு நிறுவனம் உப்பு எடுப்பது இந்த மண்ணில்தான். என் அம்மாவும் உப்பளக் கூலிதான். உப்பு வாரி வாரி அவள் விரல்ரேகை தேய்ந்து போயிற்று. ரேஷன் கடையில் ரேகை வைக்கிற மெஷின் அவளை அவள்தான் என்று ஒப்புக்கொள்ள ரொம்ப நேரம் அடம்பிடிக்கும். அம்மாவை விரல் வைத்து நம்ப மாட்டார்கள், மகளைக் கண் வைத்து நம்ப மாட்டார்கள். ஒரே வீட்டில் இரண்டு சந்தேகப் பேர்வழிகள்.

நான் பட்டம் படித்தவள். எழுத்துத் தெரியும், கண் தெரியாது. அம்மாவுக்குக் கண் தெரியும், எழுத்துத் தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழு ஆள் என்று எங்களுக்குள் சொல்லிச் சிரித்துக்கொள்வோம். போன் வந்த பிறகு அந்தச் சிரிப்பும் போயிற்று. ஒரு ராத்திரி மின்கட்டணம் கட்ட உட்கார்ந்தோம். பணம் அனுப்புகிற பக்கத்தில் விரலை நகர்த்துகிறேன். போன் திரையை வாசித்துக்காட்டுகிற டாக்பேக் வாசிக்கிறது: "அன்லேபிள்ட், பட்டன்." அடுத்தது: "அன்லேபிள்ட், பட்டன்." அடுத்தது: "இமேஜ்." அடுத்தது மறுபடியும் "அன்லேபிள்ட், பட்டன்." எது பணம் அனுப்புவது, எது வேண்டாம் என்பது, எது கடன் வாங்கச் சொல்லி வலை விரிப்பது?

அம்மாவைக் கூப்பிட்டேன்.

"நீலக் கலர்ல ஒரு உருண்டை இருக்குத்தா. நடுவுல கோடு மாதிரி."

"கோடு எந்தப் பக்கம்மா வளையுது?"

"கொக்கி கணக்கா இருக்கு. அதுக்குப் பக்கத்துல ஏதோ எழுதியிருக்கு, அது எனக்கு எங்கத்தா தெரியும்?"

கொக்கியை நம்பி அமுக்கவா? மாதக் கடைசியில் கணக்கில் மிச்சம் இருப்பதே அந்தப் பணம்தான். அமுக்கவில்லை.

இதில் என்ன எரிச்சல் என்றால், அந்தப் பொத்தானுக்குப் பெயர் வைக்க இரண்டு சொல் போதும். செயலி எழுதுகிறவர் நிரலில் அந்த நீல உருண்டைக்குப் பக்கத்தில் 'பணம் அனுப்பு' என்று எழுதிவிட்டால், பார்வை உள்ளவர்கள் கண்ணுக்கு அது தட்டுப்படாது, என் காதுக்குக் கேட்கும். அவ்வளவுதான். இதற்கு ராக்கெட் விட வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் மைக்கேல் கரன் 2006-இல் தொடங்கி, இன்னொரு பார்வையற்றவரான ஜேம்ஸ் தேயுடன் சேர்ந்து வளர்த்த மென்பொருள்தான் என்.வி.டி.ஏ. கம்ப்யூட்டர் திரையில் உள்ளதை முழுக்க வாசித்துக்காட்டும், தமிழும் வாசிக்கும், காசு கிடையாது. கல்லூரியில் நான் படித்ததே அதை வைத்துத்தான். கண் தெரியாத இரண்டு பேர் உலகத்துக்கே ஒரு குரலைச் சும்மா கொடுத்துவிட்டார்கள். கண் தெரிந்த ஆயிரம் பேர் வேலை பார்க்கிற கம்பெனிக்கு ஒரு பொத்தானுக்குப் பெயர் வைக்க நேரமில்லை.

அப்படியே பெயர் வைத்தாலும் நிலைக்காது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த செயலி ஒரு நாள் காலையில் 'அப்டேட்' ஆகும். புது நிறம், புது அழகு என்று மற்றவர்கள் பேசிக்கொள்வார்கள். எனக்குப் பழைய பொத்தான்கள் எல்லாம் ஊமையாகியிருக்கும். குறைதீர்ப்பு எண்ணுக்குப் பேசினேன். மறுமுனையில் ஒரு பெண், மரியாதையாகத்தான் பேசினாள்: "மேடம், அந்தப் பேஜை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்புங்க." திரை தெரியவில்லை என்பதுதான் அம்மா என் புகாரே என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வீட்ல கண்ணு தெரிஞ்சவங்க யாரும் இல்லையா மேடம்?" என்றாள். அவளைக் குற்றம் சொல்லி என்ன செய்ய? அவளுக்குக் கொடுத்த தாளில் எங்களுக்கு ஒரு வரி இல்லை.

வேறு வழியில்லாமல் பஸ் ஏறி கம்ப்யூட்டர் சென்டருக்குப் போவேன். அங்கே இருக்கிற தம்பி நல்லவன். "அக்கா, பாஸ்வேர்டு சொல்லுங்க" என்பான். பின்னால் வரிசையில் யார் யார் நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. சொல்வேன். போனில் வருகிற ஓ.டி.பி.யையும் அவனே பார்த்துக்கொள்வான். ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டையும் அவன்தான் வாசித்துக் காட்டினான், அவனுக்கே கூச்சமாகப் போய்ப் பாதியில் குரலைத் தாழ்த்திக்கொண்டான். ஒரு பெண்ணின் உடம்பு சமாச்சாரமும் பணச் சமாச்சாரமும் இன்னொருவன் நல்லவனாக இருப்பதை நம்பியா நடக்க வேண்டும்? ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அதே பேங்க் எனக்கு வாரம் தவறாமல் குறுஞ்செய்தி வேறு அனுப்புகிறது!

பேங்க்தான் லாபம் பார்க்கிற இடம் என்று விட்டுவிடலாம். அரசாங்கத் தளங்கள்? மழைக்காலத்தில் உப்பளத் தொழிலாளர்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் உண்டு. அம்மாவுக்காக விதிமுறையைத் தேடினேன். ஒரு தளத்தில் பி.டி.எஃப். கிடைத்தது. திறந்தால் என்.வி.டி.ஏ. வாயே திறக்கவில்லை. ஆணையை அச்சடித்து, கையெழுத்துப் போட்டு, அதைப் படம் பிடித்து ஏற்றிவைத்திருக்கிறார்கள். அதில் எழுத்தே இல்லை, எழுத்தின் போட்டோ இருக்கிறது. இன்னொரு படிவத்தில் எழுத்து இருந்தது. வாசிக்கவிட்டால் உளறல். எழுத்தெழுத்தாகத் தட்டிக் கேட்டேன்: ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி, ஈ, எச், எல். எனக்கு இது பழகிய உளறல்தான். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த 'தமிழ்நாடு' அது. பார்க்கிறவர்களுக்குத் தமிழாகத் தெரியும், உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்து. 2010-இல் கோவையில் செம்மொழி மாநாடு நடத்தியபோதே யூனிகோடும் டேஸ்-16-உம்தான் இனி அரசின் குறியேற்றம் என்று ஆணை போட்டார்கள். மாநாடு முடிந்து எத்தனை காலம் ஆயிற்று! என் மாநிலத்தின் பெயரே இன்னும் என் காதில் ஜே கே பி ஓ என்று விழுகிறது.

சரி, இதற்கெல்லாம் தரம் என்று ஒன்று இல்லாமல் போனதா? அங்கேதான் வயிறு எரிகிறது. உலகளாவிய வலைக் கூட்டமைப்பு, அணுகல் நெறிகளின் முதல் பதிப்பை வெளியிட்டது 1999 மே மாதம். இரண்டாவது 2008-இல். அதைத் திருத்தி 2018-இல் 2.1, 2023-இல் 2.2. படத்துக்குச் சொல்விளக்கம் வேண்டும், சுட்டெலி இல்லாமல் விசைப்பலகையிலேயே எல்லாம் நடக்க வேண்டும், கெடு நேரம் வைத்தால் அதை நீட்டிக்கொள்ள வழி வேண்டும் என்று ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்க்கிற அளவுக்கு எழுதிவைத்திருக்கிறார்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்று கணக்கே இருக்கிறது. அது எனக்கு உதவாது. ஆனால் உச்சிவெயிலில், வெள்ளை வெளேரென்ற உப்புப் பாத்தியில் நின்று போனைப் பார்க்கிற என் அம்மாவுக்கு உதவும். சாம்பல் நிறத்தில் மங்கலாக எழுதுவதுதான் நாகரிகம் என்று யாரோ குளிர்சாதன அறையில் முடிவு செய்கிறார்கள். அவள் கையைக் குவித்துத் திரைக்கு நிழல் கட்டிக்கொண்டு கூப்பிட்டது யார் என்று பார்க்கிறாள்.

நம் நாட்டுக்கும் தரம் இருக்கிறது. அரசுத் தளங்களுக்கான வழிகாட்டி 2009-இலேயே வந்துவிட்டது. இந்தியத் தரநிலைகள் பணியகம் ஐ.எஸ். 17802 என்று எண் போட்டு 2021-இல் முதல் பாகமும் 2022-இல் இரண்டாம் பாகமும் கொண்டுவந்தது. ஐரோப்பியத் தரத்தைத் தழுவியது, நல்ல தரம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது, 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. மின்னணு வடிவில் உள்ளவை எல்லாம் எங்களுக்கு எட்ட வேண்டும் என்று அதன் 42-ஆம் பிரிவு சொல்கிறது. சேவை தருகிறவர்கள், தனியார் உட்பட, விதிகள் வந்து இரண்டு வருடத்துக்குள் சரிசெய்ய வேண்டும் என்கிறது 46-ஆம் பிரிவு. விதிகள் வந்தது 2017 ஜூன். ஆக 2019 ஜூனோடு கெடு முடிந்தது. ஆவணத்தைப் படமாக ஏற்றாதே, எழுத்தை வாசிக்கிற வடிவில் ஏற்று என்றுகூட அந்த விதியிலேயே இருந்தது ஐயா! மீறினால்? முதல் தடவை பத்தாயிரம் ரூபாய்வரை அபராதம். அடுத்தடுத்த தடவைக்கு ஐம்பதாயிரத்திலிருந்து ஐந்து லட்சம். பத்தாயிரம் ஒரு பேங்குக்கு டீச் செலவு. எங்கள் வீட்டில் அது இரண்டு மழைக்கால நிவாரணம்.

பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி 2005-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 2017 டிசம்பரில் ஒரு தீர்ப்பு கிடைத்தது, அது நடைமுறைக்கு வராமல் மறுபடியும் வழக்கு நடந்து, 2024 நவம்பர் 8-ஆம் தேதி இன்னொரு தீர்ப்பு. சட்டம் 'செய்தே ஆக வேண்டும்' என்கிறது, விதியோ 'செய்தால் நல்லது' என்கிற வழிகாட்டிகளைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது, ஆகவே 15(1) விதி செல்லாது என்றது நீதிமன்றம். மூன்று மாதத்தில் கட்டாய விதிகளை எழுதச் சொன்னது. ஒரு மனிதர் வழக்குப் போட்டு, 'வேண்டும்' என்றால் வேண்டும்தான் என்று சொல்லவைக்க 19 வருடம்.

இந்தச் சிமிட்டல் விவகாரமும் அங்கே போயிற்று. ஆசிட் வீச்சில் முகமும் கண்ணும் சிதைந்த பிரக்யா பிரசூனை, கணக்குத் தொடங்கப் போன இடத்தில் சிமிட்டச் சொல்லியிருக்கிறார்கள். அவரிடம் போய்! பார்வையற்றவரான அமர் ஜெயினும் தனியாக மனுப் போட்டிருந்தார். 2025 ஏப்ரல் 30-ஆம் தேதி நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும் தீர்ப்புச் சொன்னார்கள்: டிஜிட்டல் வழியை எட்டுவதும் அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு தருகிற வாழ்வுரிமையில் அடங்கும். கூடவே 20 கட்டளைகள். சிமிட்டலுக்கு மாற்றுவழி வேண்டும் என்பதும் அதில் உண்டு. அந்தத் தீர்ப்புச் செய்தியை டாக்பேக்கில் கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. என் போனில் இருக்கிற செயலிக்கு அந்தத் தீர்ப்பு இன்னும் எட்டவில்லை. சிமிட்டச் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது.

செய்யத் தெரியாது என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள். ஐரோப்பிய அணுகல் சட்டம் 2025 ஜூன் 28 முதல் அங்கே நடைமுறைக்கு வந்திருக்கிறது. அந்த நாடுகளின் கம்பெனிகளுக்குப் பழைய மகாபலிபுரம் சாலையில் உட்கார்ந்து மென்பொருள் எழுதிக்கொடுப்பவர்கள் நம் பிள்ளைகள். அங்கே ஒவ்வொரு பொத்தானுக்கும் பெயர் வைக்கிறார்கள், ஸ்க்ரீன் ரீடர் போட்டுச் சோதிக்கிறார்கள், இல்லாவிட்டால் வேலை திரும்பிவரும் என்று தெரியும். ஜெர்மனியில் இருக்கிற பார்வையற்ற பாட்டிக்குச் சென்னையில் கிடைக்கிற கரிசனம், சென்னையிலிருந்து ஒரு ராத்திரி பஸ் தூரத்தில் இருக்கிற எனக்குக் கிடைக்காதா? செலவாகும் என்பார்கள். வீடு குடிபோன பிறகு வாசலை இடித்து அகலப்படுத்தினால் செலவுதான் ஆகும். கடைக்கால் போடும்போதே கொத்தனாரிடம் சொல்லியிருந்தால் என்ன செலவு? அந்தப் பிள்ளைகளுக்குக் கல்லூரிப் பாடத்தில் இதை ஓர் ஓரத்திலாவது வைத்திருக்கிறார்களா என்று விசாரித்துப் பார்த்தேன். கேட்டவர்களில் ஒருவருக்கும் அப்படி ஒரு வகுப்பு நடந்ததாக நினைவில்லை.

புகார் கொடு என்பார்கள். கொடுத்தேன். புகார்ப் படிவத்தின் கடைசியில், 'படத்தில் உள்ள எழுத்துகளைத் தட்டச்சு செய்க' என்று இருந்தது. நான் மனிதர்தான், எந்திரமில்லை என்று நிரூபிக்க வேண்டுமாம். குரலில் கேட்கும் மாற்றுவழியும் இருந்தது. அமுக்கினால் இரைச்சலுக்கு நடுவே அமெரிக்க உச்சரிப்பில் யாரோ கிணற்றுக்குள்ளிருந்து பேசினார். என் டாக்பேக்கும் அதே நேரத்தில் பேசியது. இரண்டு எந்திரமும் ஒன்றோடொன்று கத்திக்கொள்ள, மனிதப் பிறவியான நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன்.

எங்களைப் பார்த்து 'பாவம்' என்கிறவர்களே, அந்தப் பாவத்தை வைத்து மின்கட்டணம் கட்ட முடியாது. சாலை கடக்கக் கை பிடித்துவிடுகிறீர்கள், சந்தோஷம். அதே கை ஆபீஸ் போய் உட்கார்ந்து பெயரில்லாத பொத்தானை எழுதுகிறதே! 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11 லட்சத்துக்கு மேல். கண் புரை விழுந்த கிழவர்கள், கை நடுங்குகிறவர்கள், காது மந்தமானவர்கள் எல்லாரையும் அதில் சேர்த்திருப்பார்களா, எனக்குச் சந்தேகம்தான்.

இனிச் செயலியோ தளமோ வெளியிடுவதற்கு முந்தி எங்களில் ஒருவரிடம் கொடுங்கள். ஒரு பிற்பகல் போதும், எங்கெங்கே ஊமை என்று விரலை வைத்துச் சொல்லிவிடுவேன். அதற்குக் கூலி கொடுங்கள். உப்பு வாருகிற அம்மாவுக்கே நாள் கூலி உண்டு. நானோ இத்தனை காலமாக உங்கள் பிழைகளையெல்லாம் சும்மாவே கண்டுபிடித்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.