விலை மிகுந்த சக்கரம் வெற்றி தருமா?



ஓசூர் சக்கரங்களின் ஊர். 1980-ஆம் ஆண்டு டி.வி.எஸ். 50 மொபெட் உற்பத்தியானது இவ்வூர்த் தொழிற்சாலையில்தான். அந்நிறுவனத்தின் பந்தயக் குழு 1982 முதல் இயங்கி வருகிறது. அசோக் லேலண்டின் கனரக வண்டிகளும் இங்கே உருவாகின்றன. இத்தகைய வட்டாரத்தில் வளரும் பிள்ளைகளுக்குப் பந்தய வண்டிகள் மீது ஆசை பிறப்பதில் வியப்பில்லை.

சைக்கிள் பந்தயத்தையே எடுத்துக்கொள்வோம். கரி இழையால் ஆன உயர்தரச் சக்கரங்கள் ஒரு ஜோடி ஒரு லட்சம் ரூபாயையும் தாண்டி விற்கின்றன. அவை இருந்தால்தான் வெல்லலாம் என்று நம்பிப் பெற்றோரை நச்சரிப்போர் உண்டு. வாங்க வழியில்லாததால் பந்தயமே நமக்கு எட்டாது என்று ஒதுங்கிவிடுவோரும் உண்டு. இரு சாராரும் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை என்பதே என் கருத்து. பத்தாம் வகுப்பு இயற்பியல் போதும். வாருங்கள், போடுவோம்.

உங்கள் எடை 55 கிலோ, சைக்கிளின் எடை 10 கிலோ, ஆக 65 கிலோ என்று கொள்வோம். புதுச் சக்கரங்களால் 600 கிராம் குறைகிறது. இது மொத்த எடையில் நூற்றில் ஒரு பங்கு கூட இல்லை!

கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக ஓசூர் செல்லும் சாலை சுமார் 50 கிலோமீட்டர். ஓசூர் கிருஷ்ணகிரியை விட ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்தில் உள்ளது. (லாரிகள் விரையும் நெடுஞ்சாலை இது, பயணத்தைத் தாளில் மட்டும் செய்யுங்கள்!) நிறை, ஈர்ப்பு முடுக்கம், உயரம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் செலவாகும் ஆற்றல் கிடைக்கும். 0.6 × 9.8 × 350 = 2,058 ஜூல். இவ்வளவுதான் ஏற்றத்தில் மிச்சம். எடை குறைந்ததால் டயரின் உருளும் உராய்வும் சற்றுக் குறையும். உராய்வுக் குணகம் 0.006 என்று கொண்டால் அதில் மிச்சமாவது சுமார் 1,760 ஜூல். இரண்டும் சேர்ந்து 3,800 ஜூல் அளவில் வருகிறது. நீங்கள் 150 வாட் திறனில் மிதிப்பவரானால் இது 25 வினாடி வேலை. பயணமோ இரண்டு மணி நேரம்!

"சுழலும் பொருளின் எடையைக் குறைத்தால் பயன் பல மடங்காயிற்றே?" என்று சிலர் கேட்கலாம். ரிம்மில் உள்ள ஒவ்வொரு கிராமும் முன்னோக்கியும் செல்கிறது, சுழலவும் செய்கிறது. ஆகவே அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ இரு மடங்கு. ஆனால் இரு மடங்குதான். அதுவும் வேகம் கூட்டும்போது மட்டுமே. சீரான வேகத்தில் ஏற்றம் ஏறும்போது ரிம்மின் எடையும் உங்கள் சட்டைப்பையில் உள்ள எடையும் ஒன்றே.

இனி டயரைப் பாருங்கள். மட்டமான டயராலோ, காற்றுக் குறைவாலோ உராய்வுக் குணகம் 0.006-லிருந்து 0.008 ஆக உயர்ந்தால், அதே 50 கிலோமீட்டரில் வீணாவது 63,700 ஜூல். லட்ச ரூபாய்ச் சக்கரம் மிச்சப்படுத்தியதைப் போல் இது 16 மடங்குக்கும் மேல்! இதைத் தடுக்க வேண்டியது ஒரு நல்ல டயரும் ஒரு காற்றடிக்கும் பம்பும்.

சமதளத்தில் விரைவோருக்குப் பெரும் பகை எடையன்று, காற்றுத்தடை. வேகம் இரு மடங்கானால் காற்றை வெல்லத் தேவைப்படும் திறன் எட்டு மடங்காகிறது. 1972-இல் மெக்சிகோ நகரில் எட்டி மெர்க்ஸ் மிக இலகுவான சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் சென்றார். 1984-இல் அதே நகரில் பிரான்செஸ்கோ மோசர் 51.151 கிலோமீட்டர் சென்றார். அவர் பூட்டியிருந்தவை ஆரக்கம்பிகள் இல்லாத வட்டத் தட்டுச் சக்கரங்கள். அவை சாதாரணச் சக்கரங்களை விடக் கனமானவை. எனினும் காற்றைக் கிழித்துச் சென்றன. அவருடைய பயிற்சிக்கும் அதில் பங்கு உண்டு. ஆயினும் கனம் அவரைத் தோற்கடிக்கவில்லை அல்லவா? மேலும், காற்றில் பெரும்பகுதியை எதிர்ப்பது சக்கரமன்று, நம் உடல். முதுகைத் தாழ்த்திக் குனிந்து ஓட்டுவதற்குக் காசு தேவையில்லை.

அப்படியானால் இலகுச் சக்கரம் வெறும் ஆடம்பரமா? அப்படியும் சொல்ல மாட்டேன். மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் ஒவ்வொரு சுற்றிலும் பல முறை வேகத்தைக் குறைத்துக் கூட்ட வேண்டும். வண்டியைச் சாய்த்து நிமிர்த்த வேண்டும். கனமான சக்கரம் சுழலும்போது தன் அச்சைத் திருப்பவிடாமல் எதிர்க்கும். தளம் மேடு பள்ளமானால், சுருள்வில்லுக்குக் கீழே உள்ள எடை குறையக் குறைய டயர் தரையை நன்கு பற்றும். மற்ற எல்லாக் குறைகளையும் களைந்துவிட்ட பந்தயக் குழுவுக்கு நூறு கிராமும் செலவுக்குத் தகுந்ததே. சைக்கிள் பந்தயத்தில் எடைக்குறைப்பு எல்லை மீறாதிருக்க, பன்னாட்டு சைக்கிள் ஒன்றியம் 2000-ஆம் ஆண்டு முதல் 6.8 கிலோவைக் குறைந்தபட்ச எடையாக வைத்திருப்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

நமக்கோ வரிசை வேறு. முதலில் பயிற்சி, பிறகு உடலுக்கேற்ற இருக்கை உயரம், நல்ல டயர், எண்ணெயிட்ட சங்கிலி, தலைக்கவசம். சக்கரம் கடைசியில்தான். அரசு தரும் விலையில்லா சைக்கிள்தான் உங்களிடம் உள்ளதா? பயிற்சிக்கு அதுவே போதும். கனமான வண்டியை மிதித்துப் பழகிய காலுக்குப் பின்னர் எந்த வண்டியும் இலகுதான்.

என் சொல்லை அப்படியே நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். வண்டிகள் வராத மைதானத்தில் சிறு சரிவு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். டயரில் காற்றுக் குறைவாக இருக்கும்போது, குறித்த இடத்திலிருந்து மிதிக்காமல் உருண்டு சென்று, நின்ற இடத்தில் கோடு போடுங்கள். சரியான அளவு காற்றடித்து மீண்டும் செய்யுங்கள். பின்னர் 600 கிராம் மணலைப் பையில் கட்டிக்கொண்டு ஒரு முறை. ஒவ்வொன்றையும் ஐந்து தடவை செய்து சராசரி எடுங்கள். எந்தக் கோடு எங்கே விழுகிறது என்று பார்த்தபின், லட்ச ரூபாயைப் பற்றி வீட்டில் பேசலாம்.