புரதத்தின் நான்கு படிகளும் பொதுநலமும்

பள்ளிகளில் புரதம் பற்றிய பாடம் பெரும்பாலும் பருப்பு, பால், முட்டை என்னும் பட்டியலோடு முடிந்துவிடுகிறது. மேல் வகுப்புகளில் அதன் அமைப்பு நான்கு படிகளைக் கொண்டது என்று கூறி, பெயர்களை மட்டும் மாணவர்கள் ஒப்பிக்கும்படி செய்கின்றனர். இது போதாது. அப்படிகளின் பொருளை ஆசிரியரும் களப்பணியாளரும் தெளிவாக உணர்தல் அவசியம்.

இதற்கு ஏற்ற உதாரணம், இரத்தத்துக்குச் செந்நிறம் தரும் ஹீமோகுளோபின். அமினோ அமிலங்கள் சங்கிலிபோல் கோக்கப்பட்டிருக்கும் வரிசையே முதற்படி. அச்சங்கிலி பல இடங்களில் திருகுசுருளாக அமைவது இரண்டாம் படி. இச்சுருளின் அமைப்பை 1951ஆம் ஆண்டில் லைனஸ் பாலிங்கும் அவருடைய சகாக்களும் விளக்கினர். சுருண்ட சங்கிலி மடிந்து திரண்ட உருவம் பெறுவது மூன்றாம் படி. ஆல்பாச் சங்கிலிகள் இரண்டும் பீட்டாச் சங்கிலிகள் இரண்டும் கூடி ஒரே மூலக்கூறாவது நான்காம் படி.

பீட்டாச் சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள் உள்ளன. அவற்றுள் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக வாலைன் அமைந்துவிட்டால், பிராணவாயுவை இழந்த நிலையில் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகின்றன. சிவப்பணுக்கள் அரிவாள் வடிவம் கொண்டு நுண்குழாய்களை அடைக்கின்றன. கடும் வலியும் சோகையும் தோன்றுகின்றன. முதற்படியில் நேர்ந்த ஒரு மாறுதல் உடல் முழுவதையும் தாக்குகிறது.

இவ்வரிவாளணுத் தன்மை நீலகிரிப் பழங்குடியினரிடையே காணப்படுவது 1952ஆம் ஆண்டில் வெளியாயிற்று. மத்திய இந்தியாவின் பழங்குடி மக்களிடையேயும் இது பரவலாக உள்ளது. இந்நோயை 2047ஆம் ஆண்டுக்குள் ஒழிக்கும் நோக்குடன் 2023ஆம் ஆண்டில் தேசிய இயக்கம் ஒன்று தொடங்கப்பட்டது.

களப்பணியாளருக்கு இரசாயனம் எதற்கு என்று சிலர் வினவக்கூடும். நோய் தொற்றுமா, தெய்வக் குற்றமா, நல்ல உணவால் நீங்குமா என்று கிராமத்தார் கேட்கும்போது விடை கூற வேண்டியவர் அவரே. சங்கிலியின் வரிசை பெற்றோர் வழி வருவது. ஆகவே நோய் தொற்றாது, யாருடைய குற்றமுமன்று. உண்ணும் புரதம் அமினோ அமிலங்களாகச் சிதைந்த பின்னரே உடலுக்குப் பயன்படுவதால், உணவு அவ்வரிசையை மாற்றாது. தாய் தந்தை இருவரும் இத்தன்மையைத் தாங்கியவர்களாயின், அவர்கள் நோயற்றவர்களாகத் தோன்றினும், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. இதை அறிந்தவரே இரத்தப் பரிசோதனையின் அவசியத்தை அச்சமூட்டாமல் எடுத்துரைக்க இயலும்.

ஆதலால் பயிற்சி வகுப்புகளில் பெயர்களுக்கு முன் பொருளைக் கற்பித்தல் வேண்டும். கம்பியில் கோத்த வண்ண மணிகளைக் கொண்டே நான்கு படிகளையும் காட்டிவிடலாம். ஆறாவது மணியை மாற்றிக் காட்டிய பிறகு, நோயின் காரணத்தை விளக்குவது எளிதாகும்.