உள்ளங்கையில் விழும் விண்வெளி மழை

பொம்மையார்பாளையம் கடற்கரையில் ராத்திரி கொஞ்ச நேரம் உட்கார்ந்து, உள்ளங்கையை வானத்தைப் பார்த்து நீட்டுங்கள். வினாடிக்கு ஒன்றாவது உங்கள் கையைத் துளைத்துக்கொண்டு போகும். கை நனையாது, வலிக்காது. அந்தத் 'துளி'யின் பெயர் மியூவான்.

விண்வெளியிலிருந்து அசுர வேகத்தில் வரும் புரோட்டான் போன்ற துகள், காற்று மண்டலத்தின் உயரத்தில் ஓர் அணுவில் மோதும். ஒன்று பலவாகும், அவை மேலும் மோதிப் பெருகி, மழையாகத் தரையில் இறங்கும். இதை 1938இல் பிரான்சின் பியர் ஓஜே கண்டுபிடித்தார்.

கண்ணுக்குத் தெரியாத மழையை எப்படி அளப்பது? மரக்காணம் உப்பளத்தில் பாத்திக்குப் பாத்தி ஒரு சட்டி வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சட்டி முதலில் நனைந்தது என்று பார்த்தால், மழை வந்த திசை தெரியும். எதில் அதிகம் நிறைந்தது என்று பார்த்தால், மழையின் நடு எது என்று தெரியும்.

நம்ம ஊட்டியில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் 'கிரேப்ஸ்-3' செய்வது இதைத்தான். ஏறக்குறைய 6 ஏக்கரில், 8 மீட்டர் இடைவெளியில் சுமார் 400 கருவிகள். பக்கத்திலேயே கான்கிரீட்டுக்கு அடியில் 3,712 குழாய்கள். மற்ற துகள்களைக் கான்கிரீட் தடுத்துவிடும். மியூவான்கள் மட்டும் ஊடுருவிக் குழாய்களில் பதிவாகும்.

2014 டிசம்பர் 1 அன்று ஓர் இடிமேகம் அதன் மேலே கடந்தது. அப்போது மியூவான் எண்ணிக்கை சற்றுக் குறைந்தது. மேகத்தின் மின்சாரம்தான் காரணம். அந்தக் குறைவை வைத்துக் கணக்குப் போட்டார்கள். மேகத்துக்குள் 130 கோடி வோல்ட்! 2019இல் வெளியான இந்த முடிவு உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. பலூன் அனுப்பி அதுவரை அளந்ததைப் போல இது 10 மடங்கு. இப்படி இருக்கலாம் என்று 1929லேயே சொன்னவர் விஞ்ஞானி சி.டி.ஆர். வில்சன்.

அந்த 130 கோடி நமக்கும் ஒரு பாடம். கடலில் படகு, உப்பளத்தில் வெட்டவெளி, இரண்டிலும் உயரமாக நிற்பது நாம்தான். மின்னல் தேடுவதும் உயரமானதைத்தான். அதனால் இடிச் சத்தம் கேட்டதுமே, 'இன்னும் கொஞ்சம் வாரிட்டுப் போகலாம்' என்று நிற்காதீர்கள். உப்பு நாளைக்கும் விளையும். முதலில் கான்கிரீட் வீட்டுக்குள் போய்விடுங்கள்.