மீனின் கஞ்சியில் மண்ணைப் போட்டவன் யார்?

கூரத்தில் தறிக்குழியில் கால் வைத்து உழைப்பவனுக்குக் கடலைப் பற்றி என்ன கவலை என்று சிலர் கேட்கக்கூடும். கவலை உண்டு என்கிறோம் நாம்.

பல்லவ மன்னன் பரமேசுவரவர்மன் காலத்துக் கூரம் செப்பேடு, பாலாற்றிலிருந்து கால் வெட்டி இவ்வூர் ஏரிக்கு நீர் கொண்டுவந்ததைச் சொல்கிறது. பேர் மன்னனுக்கு, மண் சுமந்தவன் உழைப்பாளி. அந்தப் பாலாறு போய்ச் சேருமிடம் வங்கக் கடல். வெள்ளம் வரும் நாளில் நம் தெருக் குப்பையும் அதோடுதான் போகிறது. பிளாஸ்டிக் மக்குவதில்லை; வெயிலிலும் அலையிலும் நொறுங்கித் தூளாகிறது. பட்டு நூல் மண்ணில் மக்கிவிடும். பட்டென்று ஏமாற்றி விற்கப்படும் பாலியெஸ்டர் துணியோ, ஒவ்வொரு சலவையிலும் கண்ணுக்குத் தெரியாத இழைகளை உதிர்க்கிறது. நெசவாளியின் கூலியைப் பறித்த அதே சரக்குதான் கடலையும் கெடுக்கிறது!

கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களே மீனுக்குக் கஞ்சி. பூமியில் உண்டாகும் பிராணவாயுவில் ஏறக்குறையப் பாதியைத் தருபவை கடலின் மிதவைத் தாவரங்கள். அவற்றைத் தின்பது துடுப்புக்காலி போன்ற சிற்றுயிர். அதைத் தின்பது நெத்திலியும் சாளையும். அவற்றைப் பிடித்துப் பிழைப்பவன் மீனவன்.

2013-ல் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் 15 வகை மிதவை விலங்குகளைச் சோதித்தார்கள். 13 வகை, நுண்ணிய பிளாஸ்டிக் மணிகளை விழுங்கின. 2015-ல் வெளியான சோதனையில், பிளாஸ்டிக் கலந்த நீரிலிருந்த துடுப்புக்காலிகள் இரையிலிருந்து பெற்ற கரிச்சத்து 40 சதவீதம் குறைந்தது. நாள் செல்லச் செல்ல முட்டைகள் சிறுத்தன, பொரிப்பதும் குறைந்தது. வயிறு நிறைகிறது, உடல் வாடுகிறது! சோதனைத் தொட்டியில் போட்ட அளவு திறந்த கடலில் பொதுவாக இல்லை என்பது உண்மை. ஆனால் கொட்டுவது நிற்காதவரை அளவு ஏறத்தானே செய்யும்?

கொட்டுபவன் யார்? பை ஏந்திக் கடைக்குப் போகும் பெண்ணையும் பெட்டிக்கடைக்காரனையும் காட்டுகிறார்கள். மெய்யான கணக்கைப் பாருங்கள். 2021 மே மாதம் கொழும்புக்கு அருகே ‘எக்ஸ்பிரஸ் பேர்ல்’ கப்பல் தீப்பற்றியது. சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் மணிகள் கடலில் சிந்தின. மீன்பிடிக்கத் தடை வந்து மீனவர் அடுப்பு அணைந்தது. நூறு கோடி டாலர் நஷ்டஈடு தரவேண்டுமென்று 2025 ஜூலையில் இலங்கை சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. கட்ட முடியாது என்று கம்பெனி கைவிரித்தது! 2025 மே 25-ல் கேரளக் கரைக்கு அப்பால் ‘எம்.எஸ்.சி. எல்சா 3’ மூழ்கியது. அதன் மணிகள் நம் கன்னியாகுமரிக் கரையிலும் ஒதுங்கின. இம்மணிகள் துடுப்புக்காலியின் வாய்க்குப் பெரியவை. இன்று பெரியவை, நாளடைவில் அவையும் தூளாகும்.

2025 ஆகஸ்டில் ஜெனீவாவில் உலக நாடுகள் கூடின. பிளாஸ்டிக் உற்பத்திக்கு வரம்பு கட்டலாம் என்றபோது எண்ணெய் வள நாடுகள் மறித்தன. ஒப்பந்தம் இல்லாமலே கூட்டம் கலைந்தது. லாபத்தின் முன் உலகத்தின் உணவு துச்சம்!

ஆகவே நாம் கோருவது இதுதான்: பிளாஸ்டிக் மணிகளை அபாயகரமான சரக்காகக் கருதிக் கப்பலேற்ற வேண்டும். சிந்தியவனிடமிருந்து நஷ்டஈட்டைக் கறந்து மீனவனின் கையில் நேராகக் கொடுக்க வேண்டும். கடைவீதியில் அபராதம் போடும் சர்க்கார், ஆலை வாசலில் உற்பத்திக்கு வரம்பு கட்ட வேண்டும். 1985-ஆம் வருடத்துக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தை ஏட்டில் வைத்திராமல் அமல் நடத்த வேண்டும்.

தறிக்காரனின் கஞ்சியிலும் மீனின் கஞ்சியிலும் மண்ணைப் போடுவது ஒரே கைதான். அந்தக் கையைப் பிடிக்க, கூரத்துத் தறியும் குமரிக்கரைப் படகும் ஒன்றுசேரட்டும்!